பொலிஸ் கடிதத்தில் என் கையெழுத்து

செவ்வாய்க்கிழமை, இரவு.

மஸ்கெலியா கடைக்காரர்கள் எல்லோரையும் இன்று பொலிஸுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமலே யாருடைய போனையும் திறந்து பார்க்க அவர்களுக்குப் புதுச் சட்டம் வேண்டுமாம். அதை நாங்களே கேட்பதுபோல ஒரு கடிதம் தயாராக இருந்தது. நல்லவர்களுக்கு என்ன பயம் என்று பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார். எல்லோரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். போன் திருத்திப் பிழைக்கிற நானும் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் தேயிலைக் கொழுந்தெடுக்கிற லெட்சுமி, திருத்தக் கொடுத்த போனை வாங்க வந்தாள். தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கையா பெண்களுக்கு அனுப்பிய அசிங்கமெல்லாம் அதில்தான் இருக்கிறது. அவளே சொல்லியிருக்கிறாள். அந்த ஆளும் பொறுப்பதிகாரியும் ஒன்றாகக் குடிப்பவர்கள்.

"எல்லாத்தையும் அழிச்சிரு தங்கச்சி" என்றேன்.

"அழிச்சா கோர்ட்டுல எதண்ணே காட்டுறது?"

கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"நீங்களும் கையெழுத்து போட்டீங்களா?"

"கடை வச்சிருக்கேன்ல, தங்கச்சி."

அவள் போனை வாங்கிக்கொண்டாள். வாசலில் எனக்கு முதுகைக் காட்டி நின்று, திருத்துவதற்காக என்னிடம் சொல்லியிருந்த பூட்டு எண்ணை மாற்றினாள். பிறகுதான் பஸ்ஸுக்குப் போனாள்.