கதிர்வயலுக்கு ஒரே எழுத்து

2025 பெப்ரவரி 6, வியாழன்
வவுனியாவில் எங்கள் அரிசியை விற்கும் அன்ஸார் நானா அழைத்தார். "தங்கச்சி, ரெண்டு சாக்கும் உங்கட சங்கத்தின்டதுதானா? ஒண்டில எழுத்து வளைஞ்சு கிடக்கு, மற்றதில பெட்டி பெட்டியா. சனம் போலி எண்டு நினைக்குது. ஒரே மாதிரி வந்தா மாசாமாசம் எடுப்பன்."
கதிர்வயல் மகளிர் சங்கத்துக்குப் பலகையில் ஓர் எழுத்து, பில்லில் ஓர் எழுத்து, சாக்கில் கை போன போக்கு! இதைத்தானே ஒரு வருடமாகக் கத்துகிறேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு
எழுத்துருக்களைப் பெரிதாக அச்சிட்டு அரிசி ஆலைச் சுவரில் ஒட்டிவிட்டு, வீதிக்கு மறுபக்கம் போய் நின்றேன். மெல்லியவை வெயிலில் காணாமல் போயின. ஒன்று மட்டும் தடித்து நிமிர்ந்து நின்றது. அந்த 'க'வைப் பார்க்க வேண்டுமே! இதுதான். இதேதான்.

பெப்ரவரி 11
சாக்கில் வைத்து மை ஒற்றுவதற்காகப் பழைய எக்ஸ்ரே தாளில் பெயரை வெட்டினேன். 'க'வின் நடுத்துண்டு கழன்று விழுந்தது. 'வ'வின் நடுவும். மடைச்சி நான் — உள்ளே இருப்பதை எது பிடித்து வைக்கும்?

பெப்ரவரி 12
நடுத்துண்டுகளைப் பிடிக்க மெல்லிய பாலங்கள் விட்டு வெட்டினேன். ஒன்றும் விழவில்லை! எழுத்துக்குள் சின்னச் சின்ன இடைவெளிகள். அழகோ அழகு. பலகையிலும் பில்லிலும் இப்படியே போட்டால் என்ன?

பெப்ரவரி 14, வெள்ளி
கூட்டம். தலைவி விமலேஸ்வரி அக்கா மாதிரிச் சாக்கை நெடுநேரம் பார்த்தார்.
"செல் குண்டு பட்ட மாதிரிக் கிடக்கு, மேனுகா. சண்டை முடிஞ்சு முகாமிலயிருந்து நாங்கள் திரும்பி வரேக்க சங்கத்தின்ட பேர்ப்பலகை இப்பிடித்தான் கிடந்தது. எங்கட பேர் முழுசா இருக்கவேணும்."
அவா சொல்லுறது சரி. ஆனா சாக்கில என்னெண்டு அடிக்கிறது? வேற எழுத்தெண்டா அன்ஸார் நானா எடுக்கமாட்டார்.

பெப்ரவரி 15
ஒன்றும் ஓடவில்லை.

பெப்ரவரி 17, திங்கள்
பிடிச்சிட்டன்! இரண்டாவது தாள்! பாலம் இருந்த இடங்களை மட்டும் அதில் வெட்டினேன். முதல் மை காய்ந்ததும் மேலே வைத்து ஒற்ற, இடைவெளிகள் நிரம்பிவிட்டன. முழு 'க'! துள்ளிக் குதித்தேன். மூட்டை தைக்கும் கஜனி, "விசரே உனக்கு? ஒவ்வொரு சாக்குக்கும் ரெண்டு வேலை" என்றாள்.
ஓம், ரெண்டு வேலைதான்!

மார்ச் 3
புதுப் பலகை ஏறியது. பில் புத்தகமும் வந்துவிட்டது. அதே 'க', அதே 'வ'. போகிற வருகிற போதெல்லாம் பார்க்கிறேன்.

மார்ச் 8, சனி
வவுனியாவுக்கு முதல் லொறி. நாங்கள் முதல் தாளை ஒற்றிக்கொண்டு போனோம். விமலேஸ்வரி அக்கா வந்து இரண்டாவது தாளை என் கையிலிருந்து வாங்கினார். "இது நான் செய்யிறன்."
ஒவ்வொரு சாக்காகக் குனிந்து இடைவெளிகளை மூடினார். சாரதி ஹோன் அடித்தார்.
"பொறுங்கோ தம்பி, இன்னும் ஒண்டு உடைஞ்சு கிடக்கு" என்றார் அக்கா.