உங்கம்மா சட்டி கழுவப் போன எடம்

பாலு, நல்லாருக்கியாப்பா? மருமக, பாப்பா எல்லாம் சொகந்தான? மஸ்கட்ல வெயில் கொறஞ்சுதா? ஸ்ரீரங்கத்துல நாங்க ரெண்டு பேரும் உசுரோட இருக்கோம், அத நான் சும்மா சொல்லல. எனக்குத்தான் எழுத வராதே, போன்ல பேசினா அதுவா எழுதிக்கும்னு எதிர்வீட்டு அனுசுயா காட்டிக் குடுத்துச்சு, அதான் மாடியில நின்னு மெதுவா பேசுறேன், உங்கம்மா காதுல விழக்கூடாது.

பொங்கலுக்கு வர்றப்ப பாப்பாவுக்கு முதலை காட்டணும்னியே, கொள்ளிடக் கரையில ஃபாரஸ்ட்காரங்க வேலி போட்டுக் காபந்து பண்ற எடம், அத முன்னாடியே பாத்துட்டு வருவோம்னு ஞாயித்துக்கெழம போனோம். அங்க வாச்சர் அருள்ராஜ்னு ஒரு தம்பி, பொன்மலைக்காரரு, அவுங்கப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்தவரு, அது பெரிய கதை, அப்புறம் சொல்றேன். அவரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, இனிமே பளபளன்னு உடுத்திட்டு வராதீங்க, பேசாம ஒக்காருங்க, நீங்க தேடிப் போவாதீங்க அதுவா வரும், தண்ணிக்கிட்ட மட்டும் எறங்காதீங்கன்னு. ஒக்காந்தோம், நெசமாவே வந்துச்சுப்பா, நாரை, மீன்கொத்தி, குட்டியோட ஒரு கீரி. உங்கம்மா வாயே தொறக்கல, கல்யாணம் ஆனதுலேருந்து அன்னைக்குத்தான் அந்த அதிசயம்.

அப்புறம் புளிசாதம் தின்னோம். தின்னதும் அவ கை சும்மா இருக்குமா, தூக்குச்சட்டி காஞ்சுபோவும்னு எடுத்துக்கிட்டு தண்ணிக்கு எறங்கிட்டா. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், எனக்கும் தோணலையே! சோத்துப் பருக்கைக்கு மீனு மொய்க்குது, வாங்கடி வாங்கன்னு கொஞ்சிக்கிட்டு முழங்கை வரைக்கும் உள்ள விட்டிருக்கா. திடீர்னு ஒரு மீனக்கூடக் காணோம். தண்ணி அப்படியே எழும்புச்சு பாலு, வாய் மட்டும்தான் நான் பாத்தேன், அம்மாடி எம்புட்டு வாய், சட்டியோட மூடுச்சு. அருள்ராஜ் முந்தானையப் புடிச்சு இழுத்த இழுப்புல இவ கரையில வந்து விழுந்தா. அவ எந்திரிச்சு என்ன கேட்டா தெரியுமா, தம்பி அது நல்ல பித்தளத் தூக்கு, எடுத்துக் குடுங்களேன்னு! அவரு, அம்மா, உங்க கை இருக்கே, அதத் தொட்டுக் கும்புட்டுக்குங்கன்னாரு. பஸ்ல வர்றப்பதான் என் தோள்ல சாஞ்சுக்கிட்டு, பாலுகிட்ட மூச்சு விடாதீங்க, சொன்னா பாப்பாவக் கூட்டியாரமாட்டான்னு ஒரே அழுகை. எனக்கு இன்னும் கொழாயில தண்ணி புடிச்சாக்கூட பகீருங்குது.

நீயே சொல்லு, இத மறைக்க முடியுமா? அங்க போனா பாப்பாவ இடுப்பவிட்டு எறக்காத, சோறு கட்டிக்கிட்டுப் போவாத, வீட்டுலயே தின்னுட்டுக் கெளம்பலாம். ரெங்கநாதர் உங்கள நல்லா வச்சிருக்கணும், அப்பா சின்னையன் ஆசீர்வாதம். ஆனா இதக் கேட்டுப்புட்டு வராம இருந்துடாதடா, அவ பாப்பாவுக்குன்னு இப்பவே முறுக்கு மாவு அரைச்சு... இரு, படியேறி வர்றா, ஏங்க பாலுகிட்டதான பேசுறீங்கன்னு கேக்குறா, இல்ல பொன்னுத்தாயி, யாருமில்ல, இந்தா வந்துட்டேன், டேய், டிக்கெட்ட மட்டும் கேன்சல்