சோளக் கிடங்கில் தெளித்த தண்ணீர்

அக்கா,

இன்று காலை கோழிகளுக்கு வாங்கி வைத்திருந்த சோளப் பையைப் பிரித்தேன். குப்பென்று பூஞ்சை வாடை. கை தானாகவே துண்டை எடுத்து மூக்கில் கட்டியது. கட்டிய பிறகுதான் உங்கள் நினைவு வந்து தனியாகச் சிரித்தேன்.

ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த நாம் இருவரும், எழுபதுகளின் கடைசியில் ஈப்போவுக்கு வெளியே இருந்த கோழித்தீனி ஆலையில் சேர்ந்தோம். "இனி அட்டக்கடி இல்ல, மழ இல்ல, நெழல்ல வேல லா" என்று பீற்றிக்கொண்டீர்கள். நிழல் இருந்தது. கூடவே பச்சைப் பூஞ்சைத் தூசியும் இருந்தது. கிடங்கைக் கூட்டும்போது ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு உங்கள் வேதக்கோவிலில் தனியாகப் பாட உங்களைக் கேட்டிருந்தார்கள். நவம்பருக்குள் இருமி இருமிக் குரலே கட்டிவிட்டது. "பாட்டு போச்சு புள்ள" என்று கண் கலங்கினீர்கள்.

மறுநாளே வழி கண்டுபிடித்தீர்கள். எஸ்டேட் லயத்து வீட்டு வாசலுக்குத் தெளிப்பது போலக் கிடங்கு முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கூட்டினீர்கள். தூசி அடங்கியது. வேதக்காரி கோலம் போடாததுதான் பாக்கி என்று கூட வேலை செய்த நாங்கள் எல்லாரும் கேலி செய்தோம். கொஞ்ச நாளில் அடிமூட்டைகள் ஈரம் குடித்துப் பச்சைப் பசேலென்று பூத்துவிட்டன.

யார் தண்ணீர் தெளித்தது என்று கேட்டு முதலாளி தவுக்கேயே வந்துவிட்டார். நாங்கள் கூரையைப் பார்த்தோம். நீங்கள் முன்னால் போய், தெளித்தது நான்தான், தெளிக்காவிட்டால் மூச்சு விட முடியவில்லை, காற்றாடி மாட்டிக் கொடுங்கள் என்று உங்கள் ஓட்டை மலாயில் சொன்னீர்கள். அவர் நம்பாமல் ஒரு மூட்டையைத் தட்டினார். எழுந்த தூசியில் அவருக்கே இருமல் நிற்கவில்லை. நீங்கள்தான் ஓடிப்போய்க் குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்கள். அடுத்த வாரம் சுவரில் பெரிய காற்றாடி சுற்றியது. பூஞ்சை பிடித்த மூட்டைகளை உள்ளே இறக்குவதும் நின்றது. அதன்பிறகு மூக்கில் துண்டு கட்டாத யாரையும் நீங்கள் கிடங்குக்குள் விட்டதில்லை.

கிறிஸ்துமஸ் காலையில், நெற்றி நிறையத் திருநீற்றோடு உங்கள் கோவிலின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மேலே ஏறும் இடத்தில் உங்கள் குரல் கரகரத்தது. நிறுத்தினீர்கள், சிரித்தீர்கள், அதே இடத்திலிருந்து மறுபடி எடுத்தீர்கள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

நீங்கள் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இன்று அந்தச் சோளத்தைக் குழி தோண்டிப் புதைத்தபோது, துண்டுக்குள் உங்கள் பாட்டைத்தான் முனகினேன். மேலே ஏறும் இடம் வந்ததும் நிறுத்தி, சிரித்துவிட்டு, மறுபடி எடுத்தேன். எனக்கு அந்தப் பாட்டு அப்படித்தான் தெரியும் அக்கா.