மோதிரத்தை நானே திருப்பிக் கொடுத்தேன்

கல்லிடைக்குறிச்சி,
ஆனி 3

அன்பு மகள் கலையரசிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம். உன் சுகத்தைத்தான் இத்தனை நாளாக ஒருத்தரிடமும் கேட்க முடியாமல் இருந்தோம். இதைத் தபாலில் போடவில்லை. உன் வண்டி ஓட்டும் மகாராஜன் லீவு முடிந்து திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். அதனால் கொஞ்சம் மனம் விட்டு எழுதலாம்.

போர் தொடங்கிய அன்று உன் போன் அணைந்துபோனது. நாற்பத்தோரு நாள். ராணுவத்தில் உன் தோளில் நட்சத்திரம் குத்திய அன்று நீ சொன்னாய்: "எம்மா, உளவுப் பிரிவுல போட்டிருக்காவ. யாரு கேட்டாலும் ஆபீஸ்ல எழுத்து வேலைன்னு சொல்லு." ஆறு வருஷமாக அதையே சொல்லி வருகிறேன். எழுத்து வேலை பார்க்கிறவள் போனை எதற்கு அணைக்கிறாள் என்று ஊர் கேட்காதா? நீ வடக்கத்தியான் ஒருவனோடு ஓடிப்போய்விட்டாய் என்று ஆற்றில் குளிக்கிற பெண்கள் என் காதுபடவே பேசினார்கள். சேலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்தாம் நாள் வள்ளியூரிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா வந்தார். "ஏன் வே, ஒம்ம மவ எங்கன இருக்கான்னு இப்பவே சொல்லும். இல்லேன்னா நிச்சயம் முறிஞ்சுதுன்னு வச்சுக்கிடும்" என்றார். உன் அப்பாவால் தாங்க முடியவில்லை. பெட்டியைத் திறந்து, சுவரில் மாட்டக்கூடாது என்று நீ சொல்லியிருந்த சீருடைப் போட்டோவை எடுத்துவிட்டார். அதைக் காட்டியிருந்தால் ஊர் வாய் அன்றே அடைத்திருக்கும். நான் பிடுங்கிக்கொண்டேன். "வேலையில இருக்கா. அதுக்கு மேல சொல்லுததுக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லி, நீ கழற்றி வைத்துப்போன நிச்சய மோதிரத்தை அவர் கையில் வைத்தேன். மாப்பிள்ளை சுடலைராஜ் அவரோடு வரவில்லை. உன் அப்பா கோபத்தில் மூன்று நாள் திண்ணையிலேயே படுத்தார்.

சண்டை நின்றபின், போன வாரம் மகாராஜன் வந்தான். "மேடம் மூணு நாளு கண்ணு மூடல. அந்தப் பாதையில போவாதீங்கன்னு அவங்க சொன்னதாலதான் நாங்க பதினாலு பேரு உசுரோட இருக்கோம்" என்று அழுதான். ராணுவக்காரன் ஒருவன் நம் வீடு தேடி வந்த செய்தி வள்ளியூர்வரை போய்விட்டது. மறுநாளே அந்த மனிதர் பூவும் பழமுமாக வந்து, "கோவத்துல சொன்னது மதினி, மனசுல வைக்காதிய" என்றார். உட்காரச் சொல்லவில்லை. "ஓடிப்போயிட்டான்னு ஊரு சொன்னப்பமும் அவ எம் மவதான். நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். அந்தப் பையன் மேல் உனக்கு ஆசை இருந்தால் என்னைத் திட்டு. ஆனால் மோதிரத்தைத் திரும்பக் கேட்டு நான் அந்தப் படி ஏறமாட்டேன்.

இன்னொன்று. மகாராஜன் கொண்டுவந்த உன் இரண்டு வரிக் கடிதத்தில் எழுத்து உன்னுடையது இல்லை. கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "கையில காயம்மா, ஆறிரும்" என்றான். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. பாவம், அவனை எதற்குப் பொய் சொல்ல வைக்க?

எப்படி இருந்தாலும் வா, தாயி. ரயிலை விட்டு இறங்கி, தெரு வழியாக நடந்தே வா. நான் பக்கத்தில் நடந்து வருகிறேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அதுவரை மற்றக் கையால் ஒரே ஓர் எழுத்து போட்டு அனுப்பு. எவ்வளவு கோணலாக இருந்தாலும் அது உன்னுடையது என்று எனக்குத் தெரியும். நம் குலசாமி சுடலைமாடன் உன் பக்கம் நிற்பான்.

உன்னைப் பெற்ற
இசக்கித்தாய்