கட்டுச்சோற்றோடு போன சீட்டு

இன்று காலை திருவனந்தபுரத்திலிருந்து புதுப் பதிவுப் புத்தகம் வந்தது. சணல் கயிற்றை அறுத்துப் பிரித்தபோது பசை வாசனை குப்பென்று அடித்தது. கர்ப்பிணியின் பெயர், கணவன் பெயர், வீட்டுப் பெயர், எத்தனையாவது மாதம் என்று மலையாளத்தில் அச்சடித்த வழக்கமான கட்டங்கள். கடைசியில் ஒரு புதுக் கட்டம்: பிரசவம் நடக்கப்போகும் வீடு. நீ பார்த்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பாய். எனக்கு அழுகைதான் வந்தது, கூடவே கொஞ்சம் கோபமும்.

ஒன்றாகத்தானே மருத்துவச்சிப் பயிற்சி முடித்தோம். எனக்கு மயிலாடிப் பக்கம் ஒரு பகுதி, உனக்கு ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு பகுதி, நடுவில் ஒரு கால்வாய். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும், யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. நல்ல உத்தரவு. அதுவரை எந்த மருத்துவச்சியும் எட்டிப்பார்க்காத குடிசைகளுக்குள் நாம் போனோம். அதை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது.

ஆனால் அதோடு ஒரு விதியும் வந்தது. பகுதியை விட்டுப் போகிறவளின் பெயரைச் சிவப்பு மையால் வெட்டிவிட வேண்டும். அந்த விதியை எழுதியவர் கெட்டவராக இருக்க முடியாது. அவர் ஊர்ப் பக்கம், மலையாளத்துத் தறவாடுகளில், பெண் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டிலேயே இருப்பவள். பிரசவத்துக்கென்று புறப்பட்டுப் போக வேண்டியதில்லை. நம் நாஞ்சில் நாட்டிலோ ஏழாம் மாதம் வளையல் போட்டு, கட்டுச்சோறு கட்டி, தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஆறு மாதம் பார்த்த மருத்துவச்சி பெயரை வெட்டுவாள்; அடுத்த பகுதிக்காரிக்குக் கர்ப்பிணி வந்ததே தெரியாது. கவனிப்பு மிகவும் வேண்டிய நேரத்தில் அந்தப் பெண் எந்தப் புத்தகத்திலும் இல்லாதவள் ஆகிவிடுவாள்.

எனக்கு அப்போது இது உறைக்கவில்லை. விதி என்றால் விதி என்றிருந்தேன். "நீ பரலோகத்துக்குப் போனாலும் வாசல்ல நின்னு ரூல் என்னன்னு கேப்பட்டி எஸ்தரு" என்று கேலி செய்வாய்.

தங்கம்மையை நினைவிருக்கிறதா என்று உன்னிடம் கேட்பது அபத்தம். மயிலாடிக் கல்தச்சன் ஒருவனின் மனைவி, தலைப்பிள்ளை. ஆறாம் மாதத்திலேயே காலும் முகமும் வீங்கியிருந்தன. சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தேன். பால் மாதிரி திரிந்தது, வலிப்பு வரக்கூடும் என்பதற்கு அடையாளம். எட்டாம் மாதம் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவள் என்று அவள் பெயருக்கு நேராக எழுதினேன். அவளுடைய மாமியாரிடமும் சொன்னேன். அந்த அம்மாள் தலையை ஆட்டினாள். அடுத்த மாதம் போனபோது தங்கம்மை தாய்வீட்டுக்குப் போயிருந்தாள், கால்வாய்க்கு அந்தப் பக்கம், உன் பகுதிக்கு. நான் சிவப்பு மையைத் தொட்டு அவள் பெயரை வெட்டினேன். பெயருக்கு நேராக எழுதியிருந்ததையும் சேர்த்து வெட்டினேன். அளவுகோல் வைத்து, கோணாமல்.

உன்னை அவள் தாய்வீட்டார் கூப்பிட்டபோது அவளுக்கு வலிப்பு வந்துவிட்டிருந்தது. வில்வண்டியில் போட்டு, மடியில் தலையைத் தாங்கி, நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கால்வாயைத் தாண்டி என் வீட்டுக்கு வந்தாய். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவளுக்க காலு வீங்கினது ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும். புத்தகத்துல எழுதியிருந்தேன்."

"புத்தகம் எனக்க வீட்டுக்கு நடந்து வருமாட்டி? பேர வெட்டிப்போட்டா வயித்துக்க உள்ள கெடந்தது இல்லாம ஆயிருமா?"

ஒரு மைல் தூரம். ஒரு ஆள் அனுப்பியிருக்கலாம். நானே வந்திருக்கலாம். என்னை நீ அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. நீயே குரலைத் தாழ்த்தி, என் கண்ணைத் துடைத்து, "கரையாத மக்கா, இனி என்ன செய்யலாம்னு பாப்போம்" என்றாய்.

அப்படித்தான் சீட்டு தொடங்கியது. ஏழாம் மாதச் சடங்கு நடக்கும் வீட்டுக்கு நான் போவேன். மாதக் கணக்கு, வீக்கம், காய்ச்சல், தலைப்பிள்ளையா, முன்னால் குறை விழுந்ததா எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி, கட்டுச்சோற்றுப் பாத்திரத்தின் மூடியில் மஞ்சள் நூலால் கட்டிவிடுவேன். கட்டுச்சோற்றை வழியில் யாரும் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள் என்பது உன் யோசனை. சோறு இறங்கும் வீட்டில் நீ சீட்டை அவிழ்த்துக்கொள்வாய். எத்தனை பிள்ளைகள் அப்படி ஒழுங்காக வந்து பிறந்தார்கள்! தங்கம்மையின் அடுத்த பிள்ளையும் அதில் ஒன்று. அவள் பிடிவாதமாகத் தாய்வீட்டில்தான் பெறுவேன் என்றாள், ஆரோக்கியமாகப் பெற்றாள்.

பிறகு ஒரு நாள் மேற்பார்வைக்கு அதிகாரி வந்தார். உன் புத்தகத்துக்குள் வேறு பகுதிப் பெண்களின் சீட்டுகள், விதிக்குப் புறம்பாக. யாருடைய கையெழுத்து என்று கேட்ட அதிகாரியிடம், "எனக்கதான் சாரே" என்றிருக்கிறாய். உன் கோழிக்கிறுக்கலும் என் கையெழுத்தும் ஒன்றென்று எந்தக் குருடன் நம்புவான்? அவர் நம்பினார், அல்லது நம்பியதுபோல் விட்டார். உன்னைத் திருவட்டாறுப் பக்கம் மாற்றினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல விரும்பவில்லை.

நீ வண்டி ஏறிப்போய் ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குத் துணிவு வந்தது. சீட்டுகள் என்னுடையவை, பெயரை வெட்டியதும் நான்தான், பிள்ளை போனதும் அதனால்தான் என்று மேலிடத்துக்கு மனு எழுதினேன். பதில் இல்லை, தண்டனையும் இல்லை. அந்த மனுவால்தான் இந்தக் கட்டம் வந்ததா, வேறு யாருக்காவது தோன்றியதா, தெரியாது. போன மழைக்காலத்தில் மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. புத்தகம் இன்றைக்கு வருகிறது.

கட்டம் வந்தாலும் புத்தகம் என் அலமாரியில்தான் இருக்கப்போகிறது. அது எங்கேயும் நடந்து போகாது. அதனால் சீட்டை நான் விடவில்லை. இன்று மத்தியானமும் ஒரு சடங்கு. பெண்ணின் தாய்வீடு திருவட்டாறு. எழுதி முடித்து, யாருக்கு என்ற இடத்தில் பழக்கத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன். சிவப்பு மைப் புட்டி பக்கத்தில்தான் இருந்தது. வெட்டவில்லை. அதற்கு அடியில், உன் இடத்துக்கு வந்திருக்கும் புது மருத்துவச்சியின் பெயரை எழுதி, பாத்திர மூடியில் கட்டி அனுப்பினேன்.