ஆறாவது படியில் கமலா

செவ்வாய், இரவு. இன்று நடந்தவை:

1. தேய்ந்த படி.
2. கமலா கூப்பிட்டது.
3. கமராவைப் பிடித்திருந்ததால் நான் கை கொடுக்காதது.

எங்கள் ஆர்ச்வே பகுதியில் தெருவோரப் பழைய கற்படிகளைக் கீழிருந்து படமெடுத்தேன். ஆறாவது படி நடுவில் குழிந்திருக்கும். அதில் ஒரு கால் பதியும்வரை காத்திருப்பது என் வழக்கம். இன்று மரக்கறிப் பையோடு இறங்கிய பக்கத்து வீட்டுக் கமலா அங்கேயே நின்றுவிட்டார். முழங்கால் மடங்கவில்லை.

"அண்ணை, படம் பிறகு எடுக்கலாம். கையைத் தாங்கோ."

"கமரா இருக்குப் பிள்ளை, ஏலாது."

"கமரா உடைஞ்சா வேற வாங்கலாம். நான் உடைஞ்சா?" என்று சிரித்தார். பிறகு உட்கார்ந்து, பையை முன்னே தள்ளித் தள்ளி, ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இப்போது படங்களைப் பார்க்கிறேன். அவர் கூப்பிட்ட பிறகு எடுத்தது ஒன்றுமில்லை. அப்போது கமரா கழுத்தில்தான் தொங்கியது. இரண்டு கைகளாலும் படியோரக் கைப்பிடிக் கம்பியைத்தான் பிடித்திருந்தேன், கை கொடுத்தால் அவரோடு நானும் விழுந்துவிடுவேன் என்று. மூன்றாவதாக எழுதியது பிழை.