பாத்ரூம் கைப்பிடி

என் மகளுக்கு,

அதிகாரி வரவே இல்லை என்று போனில் உன்னிடம் சொன்னது பொய். நீ போட்ட மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மா பிடித்து எழுந்திருக்க பாத்ரூம் சுவரில் கைப்பிடி மாட்ட அளவெடுக்கத்தான் வந்தார். நான்தான் மார்தட்டினேன். "கைப்பிடி எதுக்கு சார்? கல்லு மாதிரி நான் இருக்கேன். இவளை நானே தூக்கி உட்கார வைப்பேன்." தேவையில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நேற்று உன் அம்மாவுக்கு நாக்கு வறண்டு கிடந்தது. தண்ணீர் நீட்டினால் வேண்டாமென்கிறாள். அதட்டினேன்.

"குடிச்சா பாத்ரூம் போகணும். போனா நீங்க தூக்கணும். உங்க இடுப்பு தாங்காதுங்க."

எத்தனை நாளாக இப்படித் தாகத்தோடு கிடக்கிறாளோ.

மறுபடி மனுப் போடம்மா. அவர் வரும் நேரம் பார்த்து என்னைக் கடைக்கு அனுப்பிவிடு.

அப்பா